கண் படம் எடுத்தாச்சா? சீட்டையும் படியுங்கள்!



போன இதழில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வெந்தயம், கேழ்வரகு என்று சமையல் குறிப்புகளாக எழுதித் தள்ளியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "வீட்டுக்காரருக்கு ஐந்து வருஷமாகச் சர்க்கரை. எங்கள் ஊர் முகாமில் கண்ணைப் படம் பிடித்தார்கள். டாக்டர் யாரும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சீட்டுக் கொடுத்துவிட்டது. இதை நம்பலாமா, அக்கா? இல்லை, மறுபடி டாக்டரிடம் போகணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

படித்ததும் எனக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. ஏனென்றால், அதே மாதிரி ஒரு சீட்டை வாங்கி, நாலாக மடித்து, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துவிட்டுப் பதினொரு மாதம் நிம்மதியாக இருந்தவள் நான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

கோலம் கோணிய மார்கழி

என் மாமியாருக்கு அப்போது வயது 68. சர்க்கரை வந்து 14 வருஷம். மாத்திரையை ஒரு வேளை தவற விடமாட்டார். ஆனால் கண் டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும், "கண்ணு நல்லாத்தானே தெரியுது, தாயி. அரிசியில கல்லு பொறுக்குறேன், பூ கட்டுறேன். எனக்கு எதுக்குக் கண்ணு டாக்டரு?" என்பார்.

அந்தச் சமயம் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். வாசல்படி தாண்டினால் முகாம், இலவசம் வேறு! கையைப் பிடித்து அழைத்துக் கொண்டு போனேன். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரிகிற புள்ளியைப் பார்க்கச் சொல்லி, ஒரு சின்னப் பெண் பளிச் பளிச்சென்று படம் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சீட்டு வந்தது. சீட்டு முழுக்க இங்கிலீஷ். நான் படித்தது பத்தாம் வகுப்பு. வலது கண்ணுக்கு நேரே, மேல் சிகிச்சை தேவையில்லை என்று போட்டிருந்தது புரிந்தது. இடது கண்ணுக்கு நேரே 'அன்கிரேடபிள்' என்று இருந்தது. கிரேடு போடுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நானே அர்த்தம் பண்ணிக் கொண்டேன்!

"இடது கண்ணை ஆஸ்பத்திரியில காட்டிடுங்க பாட்டி" என்று அந்தப் பெண் சொன்னாளாம். பின்னால் நின்ற கூட்டத்தின் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. அத்தைக்கு விழுந்திருக்கிறது. "எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாக" என்று விட்டுவிட்டார்.

அடுத்த மார்கழி வந்தது. எங்கள் தெருவில் அத்தையின் கோலத்தைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். பதினைந்து புள்ளி வைத்து இழுத்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அந்த வருஷம் புள்ளிகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி, இழை கோணிக் கொண்டு போயிற்று. "வாசலு சரிவா இருக்கு, தாயி" என்றார். இருபது வருஷமாக இல்லாத சரிவு இப்போது எங்கிருந்து வந்தது?

எனக்கு என்ன தோன்றியதோ, வலது கண்ணைக் கையால் மூடிக் கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னேன். "நிலைப்படி வளைஞ்சு தெரியுது. உன் மூஞ்சியில மூக்கே இல்ல தாயி!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த அந்த அம்மா டாக்டர், இடது விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, இரத்தக் கசிவும் இருக்கிறது என்றார். நான் அந்தப் பழைய சீட்டை நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. "இந்தக் கண்ணில் புரை இருக்கு. அதனால் படம் மங்கலா விழுந்திருக்கு. 'என்னால் பார்க்க முடியலை'ன்னு கம்ப்யூட்டர் சொல்லியிருக்கும்மா. நோய் இல்லைன்னு சொல்லலை" என்றார்.

இயந்திரம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் அதை வாசிக்கத் தெரியாமல் மடித்து வைத்துவிட்டேன்.

வலிக்காமல் வரும் வியாதி

நம் கண்ணுக்குள், பின் சுவரில், மிக மெல்லியதாக ஒரு திரை இருக்கிறது. அதுதான் விழித்திரை. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதற்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. வருஷக் கணக்கில் இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் அந்தக் குழாய்ச் சுவர்கள் பலவீனமாகி, முதலில் ஊசி முனை அளவுக்குப் புடைக்கின்றன. படத்தில் அவை சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். பிறகு இரத்தம் கசியும். கொழுப்பு கசிந்து மஞ்சள் திட்டுகள் படியும். நடுப்பகுதியில் நீர் கோத்தால் எழுத்தும் முகமும் கலங்கும். முற்றிய நிலையில் குழாய்கள் அடைபட்டு, புதிதாக வேண்டாத குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள்ளேயே இரத்தம் கொட்டும்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? முக்கால்வாசி தூரம் வரை ஒரு வலி இல்லை, ஒரு அரிப்பு இல்லை. ஒரு கண் கெட்டாலும் இன்னொரு கண் அதை மூடி மறைத்துவிடுகிறது. அத்தை அரிசியில் கல் பொறுக்கியதெல்லாம் வலது கண்ணின் தயவில்!

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. இத்தனை பேரின் கண்ணையும் வருஷத்துக்கு ஒரு தரம் டாக்டர்களே உட்கார்ந்து பார்ப்பது நடக்கிற காரியமா? அதனால்தான் கம்ப்யூட்டரைப் பழக்கியிருக்கிறார்கள்.

கத்தரிக்காய்ப் பாடம்

"அது எப்படிடி ஒரு இயந்திரம் வியாதியைக் கண்டுபிடிக்கும்?" என்று, காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். "நீ எப்படிம்மா சொத்தைக் கத்தரிக்காயைக் கண்டுபிடிக்கிறே?" என்று திருப்பிக் கேட்டாள்.

யோசித்துப் பாருங்கள். நமக்கு யாரும் சூத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் அம்மா கூடச் சந்தைக்குப் போய், "இது ஆகாது, இது நல்லது" என்று அம்மா ஒதுக்குவதைப் பார்த்துப் பார்த்து, நாமும் எடுத்து, தப்பாக எடுத்துத் திட்டு வாங்கி, கடைசியில் கை வைத்ததும் தெரிகிறது. கம்ப்யூட்டருக்கும் அப்படித்தானாம். டாக்டர்கள் பார்த்து, 'நோய் இல்லை, ஆரம்பம், நடுத்தரம், கடுமை, முற்றியது' என்று ஐந்து படிகளில் பிரித்து வைத்த கண் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். அது ஒரு ஊகம் சொல்லும். தப்பாக இருந்தால் தன் கணக்கைக் கொஞ்சம் திருத்திக் கொள்ளும். ஆயிரக்கணக்கான படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததும் கை பழகிவிடுகிறது.

கூகுள் கம்பெனி 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இப்படிக் காட்டிய படங்கள் 1,28,175. அமெரிக்காவில் இருந்து மட்டும் அல்ல, நம் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆஸ்பத்திரிகளில் இருந்தும் படங்கள் போயிருக்கின்றன. 54 கண் டாக்டர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு தரம் வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒரே படத்துக்கு ஏன் இத்தனை பேர் என்கிறீர்களா? டாக்டர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் வருமே, அதற்காகத்தான்.

அரவிந்த் ஆஸ்பத்திரி, 58 வயதில் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. அங்கே படம் எடுத்த பாட்டி தாத்தாக்களின் கண்கள் உலகத்துக்கே பாடப் புத்தகம் ஆகியிருக்கின்றன என்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

எவ்வளவு நம்பலாம்?

நம் ஊர்க் கணக்கையே சொல்கிறேன். அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 சர்க்கரை நோயாளிகளை வைத்து அந்த இயந்திரத்தைச் சோதித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். டாக்டரிடம் அனுப்பியே ஆக வேண்டிய 100 பேரில், இயந்திரம் ஒரு இடத்தில் சுமார் 89 பேரையும் இன்னொரு இடத்தில் 92 பேரையும் சரியாகப் பிடித்துவிட்டது. வழக்கமாகப் படம் பார்த்துத் தரம் பிரிக்கிறவர்களுக்கு அது சமமாகவோ, மேலாகவோ இருந்ததாம். 2019-லேயே மதுரை அரவிந்தில் இயந்திரத்தைச் சோதனையாக இல்லாமல் நிஜமாகவே நோயாளிகளுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

கெட்டிக்கார இயந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் குடும்பத் தலைவிகள் நாம் மீதிச் சில்லறையையும் எண்ணிப் பார்க்கிறவர்கள் ஆயிற்றே! 100-ல் 92 என்றால் எட்டுப் பேர் விட்டுப் போனார்கள் என்றுதானே அர்த்தம்? அந்த எட்டில் ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்துவிட்டால்? வருஷா வருஷம் போனால் இந்த வருஷம் தப்பியது அடுத்த வருஷம் அகப்பட வழி இருக்கிறது. ஒரு தரம் எடுத்ததோடு நிறுத்தினால் அந்த வழியும் அடைபடும்.

இன்னொரு விஷயம், மங்கலான படம். தாய்லாந்து நாட்டில் இதே கூகுள் இயந்திரத்தை 11 சிகிச்சை நிலையங்களில் வைத்துப் பார்த்த அனுபவம் 2020-ல் வெளியானது. முதல் ஆறு மாதத்தில் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவிகிதத்தை, தெளிவு போதாது என்று இயந்திரம் தள்ளிவிட்டதாம். அறையைச் சரியாக இருட்டாக்க முடியவில்லை, பாப்பா சுருங்கிவிட்டது, படம் மங்கலாகிவிட்டது. ஐந்தில் ஒரு படம்! ஆக, என் அத்தையின் சீட்டு உலக அதிசயம் ஒன்றும் இல்லை. எத்தனை வீடுகளில் எத்தனை சீட்டுகள் இப்படி மடித்துக் கிடக்கின்றனவோ!

கோடு வழுக்கிய கண்

அத்தைக்கு ஆஸ்பத்திரியில் ஓ.சி.டி. என்று இன்னொரு படமும் எடுத்தார்கள். 1991-ல் வந்த முறை இது. ஊசி இல்லை, தொடுவது கூட இல்லை. வெறும் வெளிச்சத்தை விட்டே, பரோட்டாவைக் குறுக்கே பிய்த்தால் ஏடு ஏடாகத் தெரியுமே, அப்படி விழித்திரையின் அடுக்குகளைக் காட்டிவிடுகிறது. கம்ப்யூட்டர் அந்த அடுக்குகளின் மேலேயும் கீழேயும் கோடு இழுத்து இடையில் உள்ள தடிமனை அளக்கிறது. நல்ல கண்ணில் நடுப்பகுதி கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அத்தைக்கு அதைப் போல இரண்டு மடங்கு வீங்கியிருந்தது.

படம் எடுத்த பெண் திரையில் அந்தக் கோட்டைப் பிடித்து நகர்த்திக் கொண்டிருந்தாள். "ஏம்மா, கம்ப்யூட்டர் போட்டதை நீ ஏன் மாத்துறே?" என்று கேட்டேன். "நல்ல கண்ணுல கோடு ஒட்டிக்கிட்டே வரும்மா. நீர் கோத்த கண்ணுல அடுக்கெல்லாம் கலைஞ்சு கிடக்கும். கோடு வழுக்கிடும். அப்ப அளவும் தப்பா வரும். நாங்க ஒரு தரம் பார்த்துடுவோம்" என்றாள்.

எனக்கு அது மனதில் தைத்துவிட்டது. நோயில்லாத கண்ணில் சரியாக ஓடுகிற கோடு, நோய் முற்றிய கண்ணில்தான் தடுமாறுகிறது. அளவு தேவைப்படுகிற இடமும் அதுதானே!

இதற்கும் வழி தேடிக் கொண்டுதான் இருக்கிறார்கள். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரியும் டீப்மைண்ட் கம்பெனியும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுமார் 15,000 ஓ.சி.டி. படங்களைக் காட்டிப் பழக்கிய கம்ப்யூட்டர், முதலில் எங்கே நீர், எங்கே இரத்தம், எங்கே தழும்பு என்று படத்தில் வரைந்து காட்டியது. பிறகு அவசரமா, சாவகாசமா என்று யோசனை சொன்னது. ஏன் அப்படிச் சொல்கிறது என்று டாக்டரும் திரையில் பார்த்துக் கொள்ளலாம். இப்படி வேலை செய்தால் டாக்டருக்கு நல்ல ஒத்தாசைதான்.

கர்ப்பிணிப் பெண்கள் கவனிக்க

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏற்கெனவே சர்க்கரை இருந்து பிறகு கர்ப்பமானவர்களுக்கு இந்தக் கண் வியாதி மளமளவென்று முற்றக் கூடும். டாக்டர் இல்லாமலே தானாக முடிவு சொல்லும் கண் இயந்திரம் ஒன்றுக்கு அமெரிக்க அரசாங்கம் முதன்முதலாக 2018 ஏப்ரலில் அனுமதி கொடுத்தபோது, கர்ப்பிணிகளுக்கு அதை உபயோகிக்கக் கூடாது என்று சொல்லியே கொடுத்தது. அவ்வளவு வேகமாக மாறுகிற கண்ணை அளக்க அது ஏற்பட்டதல்ல என்பது காரணம். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே, இல்லாவிட்டால் முதல் மூன்று மாதத்துக்குள், நேராகக் கண் டாக்டரையே பாருங்கள். கர்ப்ப காலத்தில் மட்டும் புதிதாகச் சர்க்கரை ஏறுகிறவர்களுக்குப் பொதுவாக இந்தக் கவலை இல்லை. ஆனால் பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை வர அவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்குப் பிறகும் இரத்தம் கொடுத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

சீட்டைப் படிக்கும் முறை

கடிதம் எழுதிய சகோதரிக்கும், உங்கள் எல்லோருக்கும், நான் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

1. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

2. 'படம் தெளிவில்லை', 'தரம் பிரிக்க முடியவில்லை' என்று இருந்தால், 'டாக்டரிடம் காட்டு' என்றே படியுங்கள். அந்த வாரத்திலேயே போய்விடுங்கள்.

3. 'டாக்டரிடம் அனுப்பத் தேவையில்லை' என்றால் நோயே இல்லை என்று ஆகாது. ஆரம்ப நிலையிலும் அப்படி வரலாம். அடுத்த வருஷம் இதே மாதத்தில் மறுபடி எடுக்கணும். காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

4. சர்க்கரைக் கண்ணுக்காகப் பழக்கிய இயந்திரம் அதை மட்டும்தான் தேடும். கண் நீர் அழுத்தம், புரை இவற்றுக்கெல்லாம் அந்தச் சீட்டு ஜவாபு சொல்லாது.

5. பார்வை திடீரென்று மங்கினாலோ, கண் முன்னே கறுப்பாகப் பூச்சி பறந்தாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, சீட்டு என்ன சொல்லியிருந்தாலும் சரி, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

6. சர்க்கரை என்று தெரிந்த உடனேயே கண்ணையும் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை, வெளியே தெரிவதற்குச் சில வருஷம் முன்பே உடம்பில் குடியேறி இருக்கக் கூடும்.

7. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். துணைக்கு ஆள் போங்கள். சீட்டு கொடுக்கிறவரிடம், "தமிழில் சொல்லுங்க, தம்பி" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டதற்குக் கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும்.

இதோடு, சாப்பாடும் மாத்திரையும் இரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கண்டுபிடித்துச் சொல்லும். குணப்படுத்துகிற வேலை டாக்டருடையது. கட்டுப்பாடு நம் அடுப்படியில்தான்.

அத்தைக்குக் கண்ணில் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், பிறகு புரையையும் எடுத்தார்கள். இடது கண்ணில் என் முகம் தெரிகிறது, மூக்கோடு சேர்த்து! ஆனால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. போன பார்வை முழுசாகத் திரும்பவில்லை. வலது கண்ணையாவது காப்பாற்றிக் கொள்ள வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அழைத்துப் போகிறேன். முன்னே மாதிரி, "எனக்கு எதுக்கு?" என்று கேட்பதில்லை.

இந்த மார்கழியில் ஏழு புள்ளியோடு நிறுத்திக் கொண்டார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி வைக்க, இவர் இழை இழுத்தார். முடித்துவிட்டு, "கோணலு இருக்கா, பாரு தாயி?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் இருந்தது.

உங்கள் வீட்டு ரேஷன் கார்டு உறையையும் இன்றைக்கு ஒரு தரம் திறந்து பாருங்கள், சகோதரிகளே. ஏதாவது சீட்டு மடித்துக் கிடந்தால் எடுத்துப் படியுங்கள். புரியாவிட்டால் புரிந்தவரிடம் காட்டுங்கள். அடுத்த இதழில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் டிபன் டப்பாவோடு சந்திக்கிறேன்.